கேள்வி நேரம் முடியட்டும்

வடதுறைக்குப் போகிற தண்ணீரைக் காலையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அதுதான் நடந்த தப்பு. மற்றதெல்லாம் அதற்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். முதலமைச்சர் தெய்வசிகாமணி சட்டசபைக்குள் நுழைந்து, அவைத் தலைவர் நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தபோது அந்தச் சமாதானமும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சற்று முன் வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது தலைமைப் பொறியாளர் சந்தானகிருஷ்ணன் தூணோரமாக நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. சவரம் செய்யவில்லை. "சார், ஒரு நிமிஷம்" என்றார். "தோண்டிப் பார்த்துட்டோம் சார். புதுசாப் போட்ட சாக்கடைக் குழாய் விரிசல் விட்டிருக்கு. அதுக்கு அடியிலேயே குடிதண்ணிக் குழாய். கலந்துட்டு இருக்கு. லேப்லயும் போன்ல சொல்லிட்டாங்க, சந்தேகமே இல்லேன்னு. செத்த அஞ்சு பேரும் இதுலதான் சார் போயிருக்காங்க, காய்ச்சல்ல இல்ல. இப்ப அங்க தண்ணி விடற நேரம். வால்வை அடைக்கச் சொல்லட்டுமா?" தெய்வசிகாமணி மேல் துண்டைச் சரிசெய்துகொண்டார். பின்னால் போலீஸ்காரன் சல்யூட் அடித்தபடியே நின்றான். "வடதுறை கேள்வி எத்தனையாவது?" "ஏழாவது சார்." "கேள்வி நேரம் முடியட்டும்." சந்தானகிருஷ்ணனுக்குப் புரியவில்லை. "சார், ஜனங்க பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க..." "முடியட்டும்யா. முடிஞ்சதும் சீட்டு அனுப்பறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே." அவ்வளவுதான் பேச்சு. படியேறி உள்ளே வந்துவிட்டார்.

யோசித்துத்தான் சொன்னார். அதுதான் கோளாறு. நேற்று சாயங்காலமே விடை அச்சாகி எல்லா உறுப்பினர் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வடதுறையில் வழங்கப்படும் குடிநீர் பாதுகாப்பானது, இறப்புகளுக்குக் காரணம் விஷக்காய்ச்சல். உள்ளாட்சித் துறை அவரிடம்தான் இருக்கிறது, அவர்தான் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். நேற்று அது உண்மை. அல்லது உண்மையில்லை என்று யாரும் சொல்லாத ஒன்று, இந்தக் கட்டடத்தில் அதுவும் இதுவும் ஒன்றுதான். இப்போது வால்வை அடைத்தால் அடைத்த சேதி சுடச்சுட இங்கே வந்து சேரும். அடைக்கச் சொன்ன ஆளே எழுந்து தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வாசிக்க முடியுமா? தெரிந்தே அவையில் பொய் சொன்னார் என்று எதிர்க்கட்சித் தலைவர் விஸ்வலிங்கம் உரிமை மீறல் கொண்டுவருவான். திருத்தி வாசிக்கலாம். திருத்தினால் அஞ்சு சாவும் அரசாங்கத்தின் தலையில். சாக்கடைத் திட்டத்துக்கு அவர்தான் போய்ப் பச்சைக்கொடி காட்டினார், மேளதாளத்தோடு. ஒரே ஒரு ஆளை அதிகமாக வைத்துக்கொண்டு ஓடுகிற அரசாங்கம் இது. தன் பக்கத்திலேயே இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருக்கிறார்கள், எந்த வாசல் திறக்கும் என்று பார்த்துக்கொண்டு. ஆகவே விடை நிற்க வேண்டுமானால் தண்ணீர் ஓட வேண்டும். விடை சொல்லி முடித்த பிற்பாடு தண்ணீர் கெட்டுப்போகலாம். அப்போது தகவல் வந்தது, உடனே நடவடிக்கை எடுத்தேன் என்று மார்தட்டலாம். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? கேட்கக்கூடாத கேள்வி உள்ளே முளைத்தது. அங்கே குழாய்கள் குட்டை, தரை மட்டத்தில் இருக்கும், வேகம் பத்தாது என்று குழி வெட்டிக் குடத்தை உள்ளே இறக்கிப் பிடிப்பார்கள். மெல்லத்தான் நிறையும். மெல்ல நிறைவது நல்லதா? நல்லதுதான். சீ, என்ன நல்லது.

மணி அடித்தது. அவைத் தலைவர் முத்தியாலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வினா என்றார். மீன்வளத் துறை. அந்த மந்திரி எழுந்து படகுகளைப் பற்றி ஏதோ வாசித்தார். குளிர்சாதனம் நேராகத் தெய்வசிகாமணியின் கழுத்தில் ஊதியது. மூன்று வருஷமாகச் சொல்கிறார், யாரும் திருப்பி வைக்கவில்லை. ஒரு மாநிலத்தை ஆள்கிற ஆளால் ஒரு காற்றைத் திருப்ப முடியவில்லை. இடுப்பு வலித்தது. எதிர் வரிசையைப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தார், பார்த்துவிட்டார். விஸ்வலிங்கம் பாக்கு மென்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில் ஓரத்து இடம் காலி. அற்புதமேரியின் இடம். ஏழாவது வினா அந்தம்மாவுடையது, வடதுறை அந்தம்மா தொகுதி. தெய்வசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தம்மா லேட்டாக வருகிற ஆளில்லை. ஏலக் கூடத்தில் மீன் கூடைக்கு நின்று பழகிய உடம்பு, விடிந்ததும் எழுந்துவிடும், மணி அடிப்பதற்கு முன்னாலேயே வந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். குரல்தான் பயங்கரம். மைக் தேவையில்லை. போன கூட்டத்தில் இவரைப் பார்த்து, "அய்யா, நீங்க நல்லவருன்னு எங்க ஊர்ல சொல்றாங்க, நான்தான் நம்பறதில்ல" என்று சொல்லி அவர் கட்சிக்காரர்களையே சிரிக்க வைத்தவள். இன்றைக்கு இல்லை. ஏன் இல்லை? வினா கேட்ட உறுப்பினர் அவையில் இல்லாவிட்டால் வினாவே இல்லை, அவைத் தலைவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அதுதான் இங்கே வழக்கம். விடையும் வாசிக்க வேண்டாம். வாசிக்காத விடை பொய்யாகாது. சட்டென்று ஒன்று வந்தது. சந்தோஷம் என்றுதான் அதற்குப் பெயர். அந்த நேரத்தில் அது வந்தது என்பதைப் பிறகு அவரால் மறக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று. இவர் ஏற்கெனவே வேறு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஏழாவது வினாவே வராமல் இழுப்பது. அதுவும் இங்கே வழக்கம்தான், எல்லாக் கட்சியும் செய்தது. ஆறாவது வினா சொந்தக் கட்சிக்காரன் பாவாடைசாமியுடையது, அவன் தொகுதியில் விளக்குக் கம்பம் பற்றி. நேற்றே கூப்பிட்டு, "பாவாட, நாளைக்கு நீ உக்காரவே கூடாது, மணி அடிக்கற வரைக்கும் துணைக் கேள்வியா கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்லியாயிற்று. அவனும், "நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் பேசறேண்ணே" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். இப்போது கணக்கு தலைகீழ். இழுக்க இழுக்க அந்தம்மா வந்து சேருவதற்கு நேரம் கொடுத்த மாதிரி. அந்தம்மா இல்லாதபோதே ஏழாவது வினாவைத் தாண்டிவிட வேண்டும். பாவாடை இரண்டு வரிசை பின்னால். திரும்பிப் பார்த்தால் எதிர்ப்பக்கம் கவனிக்கும். சீட்டு எழுதி அனுப்பலாம். சீட்டு கொண்டுபோகிற சபைக் காவலன் எதிர்க்கட்சிக்காரனுக்கு மச்சினன். "முதலமைச்சர் அவர்கள், மூன்றாவது வினா" என்று முத்தியாலு கூப்பிட்டார். எழுந்து வாசித்தார். மழைநீர் வடிகால், முடிந்தது, நடைபெற்று வருகிறது, பரிசீலனையில் உள்ளது. வாய் தானாக வாசித்தது. பதினெட்டு வருஷமாக வாசித்த வாய். அதற்கு அவர் தேவையில்லை. வாய் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் வடதுறையில் குழி வெட்டிய குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்திருந்தார்கள். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "துணை வினா" என்று யாரோ எழுந்தார்கள், அதற்கும் வாய் ஏதோ சொல்லிற்று, சரியாகத்தான் சொல்லியிருக்கும், மேசையைத் தட்டினார்கள்.

உட்கார்ந்தார். மூடி போட்ட கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள். தொண்டை வறண்டிருந்தது. கை அதன்மேல் போய், மூடியைத் தொட்டு, திரும்பி வந்துவிட்டது. ரத்தினவேல் ஞாபகம் வந்தான். ஏன் வர வேண்டும், இத்தனை வருஷம் வராதவன். தம்பி. நாலு வயசோ அஞ்சு வயசோ. வாந்தி, பேதி, பிறகு ஒன்றுமே இல்லை, கண் மட்டும் உள்ளே போய்விட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரில் கார் வைத்திருந்தது சேர்மன் ஒருவர்தான், அவர் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். அப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றார். தெய்வசிகாமணியும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கூப்பிடுப்பா" என்றான். "பெரியவர் பேசிக்கிட்டு இருக்காருடா, முடிக்கட்டும்" என்றார் அப்பா. முடிக்கட்டும். சேர்மன் நன்றாகப் பேசினார். ஜனங்கள் சிரித்தார்கள். அப்பாகூட ஒரு இடத்தில் சிரித்தார், மரியாதைக்கு. அந்தச் சிரிப்புதான். அப்பாவை அவர் வெறுக்கவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. ரத்தினவேலின் கால் அப்பாவின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது, கொலுசு கழன்று விழுகிற மாதிரி, அவ்வளவு மெலிந்துபோய். பையனுக்கு எதற்குக் கொலுசு? அம்மா போட்டிருந்தாள். பெண் பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டவள். இதெல்லாம் இப்போது எதற்கு? அரசியலுக்கு வந்தபோது ஊர் ஊராக இந்தக் கதையைச் சொன்னவர்தான். சேர்மன் கார் கதை. நல்ல தண்ணீர் ஒவ்வொரு வீட்டுக்கும் என்று அதில்தான் முடிப்பார். ஜனங்கள் அழுதார்கள், ஓட்டுப் போட்டார்கள். சொல்லிச் சொல்லி ரத்தினவேல் தேய்ந்துபோய்விட்டான், அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார், வேறு கதைகள் கிடைத்தன. ஆனால் அப்பா சிரித்ததை மட்டும் ஒரு மேடையிலும் சொன்னதில்லை. சேர்மன் பேசி முடித்துத்தான் காரைக் கொடுத்தார், தாராளமாகக் கொடுத்தார், டிரைவரையும் கொடுத்தார். நல்ல மனுஷன்.

"நாலாவது வினா." எழுந்தார், வாசித்தார், உட்கார்ந்தார். காலி இடம் காலியாகவே இருந்தது. எங்கே போயிருப்பாள்? ஒருவேளை பத்திரிகைக்காரர்களை வெளியே நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாளோ. அல்லது பெண்களைத் திரட்டிக்கொண்டு வருகிறாளோ, குடமும் கையுமாக, வாசலில் போட்டு உடைக்க. செத்த அஞ்சு பேரின் படத்தை மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு வருவாள். செய்யக்கூடியவள்தான். சந்தானகிருஷ்ணன் சொல்லியிருப்பானோ? அதிகாரிகள் மாடத்தைப் பார்த்தார். சந்தானகிருஷ்ணன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார், இவரையே பார்த்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற நாய் மாதிரி. இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, அவன் நல்ல பொறியாளன். ஒரு தலையசைப்பு போதும். இங்கிருந்தே தலையை அசைத்தால் அவன் எழுந்து ஓடுவான், போன் போகும், வால்வு திரும்பும். தலை கழுத்தின்மேல்தான் இருக்கிறது. கழுத்தில் காற்று ஊதுகிறது. அசையவில்லை. அற்புதமேரிக்கு உடம்புக்கு முடியவில்லையோ? அவளும் அந்த ஊரில்தான் இருக்கிறாள், அதே குழாய்தான். அவளுக்கும் வந்திருந்தால். வந்து படுத்திருந்தால். அப்படியிருந்தால் நல்லது என்று நினைப்பு ஓடி முடிந்த பிறகுதான் அது என்ன நினைப்பு என்று அவருக்குத் தெரிந்தது. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனது. மைக்கைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்து இறக்கிக்கொண்டார். "முதலமைச்சருக்கு என்னமோ பண்ணுது, காத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்கப்பா" என்றான் விஸ்வலிங்கம், மைக் இல்லாமல். அந்தப் பக்கம் சிரித்தார்கள். "உங்க காத்து அடிச்சுத்தான் மூணு வருஷமா எங்களுக்கு ஜலதோஷம்" என்று வாய் பதில் சொல்லிற்று. இந்தப் பக்கம் சிரித்தார்கள். முத்தியாலு மேசையைத் தட்டி, "குறிப்பில் ஏறாது" என்றார். நல்ல பதில்தான். வாய்க்கு எப்போதும் ஒன்று கிடைக்கும்.

அஞ்சாவது வினாவைச் சீக்கிரம் முடித்தார். முன்னால் இருந்த வெள்ளைத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து ஒரே ஒரு வார்த்தை எழுதினார். அடை. எழுதிய பிறகு அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை. மடித்தார். காவலனைக் கூப்பிட விரலைத் தூக்கினால் போதும். அவன் மச்சினனுக்குக் காட்டினால்? காட்டட்டுமே, அடை என்றால் என்ன தெரியும், சாயங்காலம் தின்பதற்குச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வான். சிரிப்பு வந்தது. அஞ்சு பேர் செத்திருக்கிறார்கள், சிரிப்பு வருகிறது. அந்த அஞ்சு பேரில் ஒருவன் பெயர் அந்தோணிதாசன், கட்டுமரம் தள்ளுகிற ஆள், ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்து கும்பிட்டான். "நீங்க எதுக்கய்யா வந்தீங்க, சும்மா வயித்துக் கோளாறுதான்" என்றான். மறுநாள் இல்லை. விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால் சந்தானகிருஷ்ணன் ஓடுவான், அவன் ஓடுவதை மாடத்தில் எல்லாரும் பார்ப்பார்கள், என்ன என்பார்கள், அதற்குள் அந்தம்மா வந்துவிட்டால், ஏழாவது வினா என்று முத்தியாலு கூப்பிட்டால், கூப்பிட்டால் நான் எழுந்து என்ன வாசிப்பேன். வாசிக்காமல் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் அரசாங்கம் இருக்காது. இல்லாவிட்டால் போகட்டுமே. போனால் விஸ்வலிங்கம் வருவான். அவன் வந்தால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா. அவன் போட்ட குழாய்தானே அது, குடிதண்ணீர்க் குழாய், பழசு. சாக்கடைதான் நான் போட்டது. இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டிருக்கிறோம். இதை அவனிடம் சொன்னால் ரசிப்பான். சீட்டு உள்ளங்கையில் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"ஆறாவது வினா, பாவாடைசாமி." பாவாடை எழுந்தான். தொண்டையைக் கனைத்தான். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, என் தொகுதி குயவர்பேட்டையில் நாலு முனைச் சந்திப்பில் உயர் கோபுர விளக்கு அமைத்துத் தந்து, இருண்டு கிடந்த எங்கள் வாழ்விலே ஒளியேற்றிய முதலமைச்சர் அவர்களுக்கு முதற்கண் நன்றியைத் தெரிவித்து..." "நன்றி சொல்றதுக்கு ஒரு கேள்வியா?" என்று எதிரில் ஒருவன் கத்தினான். "கேள்வியை ஒளிக்கு அப்புறம் கேப்பாரு, உக்காரு" என்றான் இன்னொருவன். தெய்வசிகாமணி எழுந்து ஒரே மூச்சில் விடை சொன்னார். "வேறு துணை வினா இல்லையென்றால்" என்று தானே சேர்த்துச் சொல்லி, பாவாடையைப் பார்த்து முறைத்தார். பாவாடை அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டான். "துணை வினா, தலைவர் அவர்களே. அந்த விளக்கிலே மொத்தம் எட்டு பல்புகள் உள்ளன. அதிலே மூன்று எரியவில்லை." "பின்னே எதுக்குய்யா நன்றி?" "மீதி அஞ்சுக்கு!" சபை முழுக்கச் சிரித்தது. முத்தியாலுகூடச் சிரித்தார். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. அஞ்சு என்ற சொல் காதில் விழுந்ததும் நின்றுபோனார். மூன்று பல்பும் மாற்றப்படும் என்றார். உட்காரு என்று கையைக் கீழே காட்டினார். பாவாடை பார்த்தான், தலையை ஆட்டினான், புரிந்தது என்கிற மாதிரி, அடுத்த துணை வினாவை எடுத்தான். அந்த வெளிச்சத்துக்கு நாய்கள் கூடுகின்றன. நாய்களுக்கு என்ன ஏற்பாடு. அதற்குப் பிறகு நாய் கடித்தால் ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறதா. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் பேசறேண்ணே. சொன்ன சொல் தவறாதவன். கட்சியில் அப்படி இருக்கிற ஒரே ஆள் இவன்தான், இன்றைக்குப் பார்த்து. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு குடம் நிறைந்தது. வாசலைப் பார்த்தார். அடைத்த கதவு. அது எந்த நேரமும் திறக்கலாம், வெள்ளைப் புடவையும் கைப்பையுமாக அந்தம்மா உள்ளே வரலாம், கும்பிட்டுவிட்டு உட்காரலாம். வரட்டும், வந்து கேட்கட்டும், என்னால் முடியாது, நீ வந்து கேட்டால்தான் நான் சொல்வேன் என்று ஒரு மூலையிலிருந்து ஒன்று கெஞ்சிற்று. வராதே வராதே என்று மற்றதெல்லாம் சேர்ந்து கத்திற்று. பாவாடை இப்போது குரங்குகளுக்கு வந்திருந்தான். "பாவாடைசாமி, உக்காருங்க, போதும்" என்றார் முத்தியாலு. "அண்ணன் சொல்லலீங்களே" என்றான் பாவாடை, மைக்கிலேயே.  விஸ்வலிங்கம் மெல்லக் கை தட்டினான். "போதும்" என்றார் தெய்வசிகாமணி.  பாவாடை உட்கார்ந்தான்.

"ஏழாவது வினா. திருமதி அற்புதமேரி."  கதவு திறந்தது. தெய்வசிகாமணி பாதி எழுந்துவிட்டார், கையில் அச்சடித்த தாள். உள்ளே வந்தவன் சுருக்கெழுத்துக்காரன், நேரம் முடிந்தவனை மாற்றிவிட வந்தவன், கும்பிட்டுவிட்டு நடுவில் இருந்த மேசைக்குப் போனான். "திருமதி அற்புதமேரி" என்று முத்தியாலு இன்னொரு தரம் கூப்பிட்டார். விஸ்வலிங்கம் பின்னால் திரும்பிப் பார்த்தான், பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டான், அவன் உதட்டைப் பிதுக்கினான். அவர்களுக்கும் தெரியாது. "உறுப்பினர் அவையில் இல்லை. எட்டாவது வினா." அவ்வளவுதான். அவ்வளவேதான். கல்வி மந்திரி எழுந்து வாசிக்க ஆரம்பித்தார். தெய்வசிகாமணி உட்கார்ந்தார். எடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தார். பொய் சொல்லவில்லை. சபையில் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அரசாங்கம் இருக்கிறது. இப்போது விரல் தானாக எழுந்தது, எவ்வளவு லேசாக எழுந்தது, காவலன் வந்தான், நனைந்த சீட்டை வாங்கிக்கொண்டு மாடத்துக்குப் போனான். சந்தானகிருஷ்ணன் பிரித்துப் பார்த்தார், எழுந்து வெளியே ஓடினார். தெய்வசிகாமணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டார். தாமதம்தான், ஆனால் செய்துவிட்டேன். அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார், காரில் உட்கார்ந்தபோது, டவுன் ரோட்டில், மடியிலிருந்து அந்தக் கால் அசையாமல் தொங்கியபோது. எத்தனை குடம்? எத்தனை வீட்டில் இப்போது அடுப்பில் ஏறியிருக்கும். காய்ச்சிக் குடித்தால் பரவாயில்லை. யார் காய்ச்சுவார்கள். வெயில் நேரம், கடலிலிருந்து வந்தவன் வாளியோடு தூக்கிக் குடிப்பான்.

கேள்வி நேரம் முடிந்து மணி அடித்ததும் அவர் எழுந்து பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்தார். சந்தானகிருஷ்ணன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தலைமைச் செயலாளரும் கூட இருந்தார், வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு. "அடைச்சாச்சா?" "அடைச்சிருக்கு சார்." "இருக்குன்னா?" சந்தானகிருஷ்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "நம்ம சீட்டு வரதுக்கு முன்னாலேயே அடைச்சிருக்கு சார். தண்ணி விட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே. இங்க நீங்க உள்ள நுழையற நேரத்துக்கெல்லாம் அங்க தண்ணி நின்னு போச்சு. பிடிச்ச பத்து இருபது குடத்தையும் வீடு வீடாப் போய்க் கொட்ட வச்சிருக்காங்க. நான் சொல்லல சார், சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல." தெய்வசிகாமணி சுவரில் கை வைத்தார். அப்படியானால் அந்தக் குடங்கள் நிறையவில்லை. அந்த ஒரு மணி நேரம் ஒரு குடமும் நிறையவில்லை. நிறைந்ததெல்லாம் இவருக்குள்ளே. மனசு லேசாகும் என்று காத்திருந்தார். ஆகவில்லை. அங்கே நிறையாத ஒவ்வொரு குடத்தையும் இங்கே உட்கார்ந்து நிறையவிட்டவர் இவர்தான், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? "வால்வுக் குழி பூட்டியிருந்திருக்கு" என்றார் சந்தானகிருஷ்ணன். "நம்ம ஆளு ஆர்டர் இல்லாம சாவி தரமாட்டேன்னுட்டான். கடப்பாறையால பூட்டை உடைச்சு, குழிக்குள்ள எறங்கித் திருகியிருக்காங்க. மூணு பேரு திருகற வால்வு சார் அது. இன்னமும் குழி மேலயே உக்காந்திருக்காங்களாம், யாரையும் கிட்ட விடல." தலைமைச் செயலாளர் குனிந்து மெல்லச் சொன்னார், "அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியிருக்காங்க சார். கேஸ் போட்டுடலாமா? விட்டா நாளைக்கு எல்லாரும் கடப்பாறையைத் தூக்குவான்." தெய்வசிகாமணி அவரைப் பார்த்தார். அந்த ஆள் நல்ல சட்டை போட்டிருந்தார், காலர் விறைப்பாக. நானும் இப்படித்தான் இருந்திருப்பேன், காலையில், தூணோரமாக நின்று பார்த்தவனுக்கு. "யாரு செஞ்சது?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே. "நேத்துப் பிடிச்ச தண்ணி நாத்தம் அடிக்குதுன்னு காலையில ஜனங்க போன்ல சொல்லியிருக்காங்க சார். அந்தம்மா சட்டசபைக்குக் கிளம்பி பாதி தூரம் வந்துட்டாங்களாம். கேட்டதும் வண்டியைத் திருப்பிட்டாங்க. கேள்வி இருக்கேன்னு கூட இருந்தவங்க சொன்னதுக்கு, கேட்டு யாருக்கு என்ன ஆவப்போவுது, மொதல்ல குழாயை மூடுங்கடின்னாங்களாம்." "பேரைச் சொல்லுய்யா" என்றார் தெய்வசிகாமணி. அதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. சந்தானகிருஷ்ணன் சொன்னார்.

அற்புதமேரி.